கோயாவின் காளைச் சண்டைப் படங்கள்: கொண்டாட்டமா, கண்டனமா?

செப்புத்தகடு:
ஸ்பானிய ஓவியர் கோயா 1816இல் வெளியிட்ட 'தௌரோமாகியா' (காளைச் சண்டைக் கலை) வரிசையைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. மொத்தம் 33 அச்சோவியங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மட்ரிட் நாளிதழில் விளம்பரம் வந்தது: தனிப்படம் 10 ரெயால், முழுத் தொகுப்பு 300 ரெயால். விற்பனை படுத்துவிட்டது. காளைச் சண்டை என்றால் ஊரே திரளும் நாட்டில், நாடே கொண்டாடும் ஓவியர் வரைந்தது ஏன் விலைபோகவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ரசிகர்கள் வாங்க விரும்பும் படங்களை அவர் வரையவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில்.

21ஆவது படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1801 ஜூன் 15 அன்று மட்ரிட் களத்தில் ஒரு காளை தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் வரிசைக்குள் பாய்ந்துவிட்டது. தொர்ரெஹோன் ஊர் மேயர் அதில் இறந்துபோனார். கோயாவின் படத்தில் காளை இருக்கைகளுக்கு நடுவே நிற்கிறது, கொம்பில் மேயரின் உடல். கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வலப்பக்கமாக ஓடுகிறது. இடப்பக்கம் கிட்டத்தட்ட பாதிப் படம் வெறுமை. வீரனும் இல்லை, வாளும் இல்லை. காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தவரே பலியாகிக் கிடக்கிறார்.

இதை வரைந்தவர் காளைச் சண்டையைப் புகழ்ந்தார் என்று எப்படிச் சொல்வது? நண்பர்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஜல்லிக்கட்டு ஒப்பீட்டுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

மணல்வட்டம்:
செப்புத்தகடு சார், ஒரே ஒரு படத்தை வைத்து 33 படங்களுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கோயா காளைச் சண்டைப் பித்தர். பிரான்சின் போர்தோவில் முதுமையைக் கழித்தபோது உடனிருந்த எழுத்தாளர் லேயாந்த்ரோ மொராத்தின் 1825இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: தன் காலத்தில் தானும் காளையோடு மோதியிருப்பதாகவும், கையில் வாள் இருந்தால் எவனுக்கும் அஞ்சமாட்டேன் என்றும் கோயா சொல்கிறாராம். அப்போது எண்பதைத் தொடப்போகும் மனிதர்!

அதே 1825இல் போர்தோவில் நான்கு பெரிய கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து அச்செடுப்பவை) செய்தார், நான்கும் காளைச் சண்டைதான். பார்வை மங்கி, காது முழுவதுமாகச் செவிடாகி, சொந்த நாட்டை விட்டு வெளியேறி வந்தவர் புதிதாக ஒரு தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு, கல்லை ஓவியப் பலகை போல நிமிர்த்தி வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து வரைந்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெறுக்கும் ஒன்றுக்காக அந்த வயதில் யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா?

இன்னொன்று, பெத்ரோ ரொமேரோவின் உருவப்படம். ரோண்டா ஊர்க் காளைச் சண்டை வீரர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காளைகளை வீழ்த்தியும் பெரிய காயம் ஒன்றும் பட்டதில்லை என்று பெயரெடுத்தவர். 1790களின் பிற்பகுதியில் கோயா அவரை வரைந்திருக்கிறார். எவ்வளவு மரியாதை அந்தப் படத்தில்! அமைதியான முகம், முன்னால் நிதானமாக வைத்த கை. கொலையாளியை அப்படி வரைய முடியாது.

ஓவியப்பொடி:
அந்தக் கையைப் பற்றி மணல்வட்டம் சொன்னது சரி. அமெரிக்காவில் ஃபோர்ட் வொர்த் ஊரின் கிம்பெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தப் படம்.

அமிலக்கோடு:
அச்சோவியம் செய்து பழகியவள் என்ற முறையில் என் பங்குக்கு. கோயாவுக்கு முன்னால் இந்த விஷயத்தை அச்சில் பிரபலமாக்கியவர் அன்தோனியோ கார்னிசேரோ. 1790இல் முடிந்த அவருடைய தொகுப்பு ஒரு சண்டையின் ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாகக் காட்டும். களம் எங்கே, ஆள் எங்கே, எந்த அசைவுக்கு என்ன பெயர் என்று பார்த்தவுடன் விளங்கும். பார்க்க அழகு, விற்பனையும் நன்றாக இருந்தது.

கோயா அதை அப்படியே கலைத்துப்போட்டார். அவருக்குக் களம் தேவைப்படவில்லை. அமிலத்தில் கோடுகளை அரித்தெடுத்து, அதன் மேல் அக்வாடின்ட் முறையில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி, மறுபடியும் அமிலத்தில் இறக்கினால் சாம்பல் நிறப் படலம் கிடைக்கும். கோயா அந்தப் படலத்தைக் கொண்டே வெயிலையும் நிழலையும் உண்டாக்குகிறார். தகட்டில் தொடாமல் விட்ட இடம் கண்ணைக் கூசும் மணல். மட்ரிட் மதிய வெயிலை ஒரு கோடும் போடாமல் காட்டியிருக்கிறார்!

20ஆவது படத்தில் ஹுவானித்தோ அபின்யானி என்ற வீரர் நீண்ட கோலை ஊன்றிக் காளையின் மேலாகத் தாவுகிறார். கோல், உடல், காளை, மூன்றும் சேர்ந்து ஒரு நொடியில் உறைந்து நிற்கின்றன. பின்னால் நிழலில் சில தலைகள். தாவியவர் இறங்கினாரா, விழுந்தாரா என்று படம் சொல்லாது. இது கொண்டாட்டமும் இல்லை, கண்டனமும் இல்லை என்பேன். உயிர் போகிற ஒரு கணத்தை மிகக் கவனமாகப் பார்க்கும் கண் அது. செவிப்புலன் போன பிறகு வந்த கண் என்பதையும் நினைவில் வையுங்கள். கூட்டத்தின் ஆரவாரம் அவருக்குக் கேட்டிருக்காது.

மணல்வட்டம்:
அக்கா, கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. 1792 வாக்கில் வந்த நோயில்தான் அவருக்குக் காது போனது. அதிலிருந்து எழுந்ததும் தகரத் தகடுகளில் சிறிய ஓவியங்களை வரைந்து, 1794இல் கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவற்றிலும் பல காளைச் சண்டைக் காட்சிகள்தான். ஒன்றில் பிக்கடோர் கொம்பில் குத்துண்டு தொங்குகிறார். ஆரவாரம் இல்லாத சண்டை எப்படி இருந்திருக்கும்!

வேப்பங்காற்று:
புதியவன், ஒரு சந்தேகம். பிக்கடோர் என்றால் யார்? மட்டடோர் தெரியும், சிவப்புத் துணி, வாள். குதிரை எதற்கு வருகிறது?

செப்புத்தகடு:
நல்ல கேள்வி தம்பி, விஷயத்தின் நடுவே கை வைத்திருக்கிறாய்.

இன்றைய சண்டை மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் பிக்கடோர் குதிரை மேல் அமர்ந்து நீண்ட ஈட்டியால் காளையின் பிடரித் தசையில் குத்துவார். காளையின் தலை தாழத் தொடங்கும், வேகமும் குறையும். அடுத்து, காகிதம் சுற்றிய கூர்முனைக் குச்சிகளை இரண்டிரண்டாக முதுகில் செருகுவார்கள். கடைசியில்தான் மட்டடோர் துணியும் வாளுமாகத் தனியே வருவார்.

முதல் கட்டத்தில் காளையின் கொம்பு எங்கே போகும்? நேராகக் குதிரையின் வயிற்றுக்கு. 1928இல்தான் குதிரைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கவசம் கட்டாயமானது. அதுவரை குதிரைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வேறு வேலைக்கு உதவாத கிழட்டுக் குதிரைகளை மலிவாக வாங்கி, கண்ணைக் கட்டி உள்ளே விடுவார்கள். பல நாட்களில் இறந்த காளைகளைவிட இறந்த குதிரைகள் அதிகம். குடல் வெளியே வந்த குதிரையைத் தைத்து மறுபடியும் களத்துக்கு அனுப்புவதும் உண்டு.

என் வாதத்தின் மையமே இதுதான். ஸ்பானிய ஓவியர்களில் ஆழமாகப் பார்த்தவர்கள் மட்டடோரோடு நின்றுவிடவில்லை, அவர்கள் கண் குதிரையின் பக்கம் போனது. கோயாவின் 26ஆவது படத்தைப் பாருங்கள், பிக்கடோர் குதிரையோடு சரிந்து காளைக்கு அடியில் கிடக்கிறார். வீழ்ந்த குதிரையை அந்த அளவு கவனத்தோடு அதற்கு முன் யாரும் அச்சில் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

தினையும்தேனும்:
செப்புத்தகடு சொல்லும் குதிரைக் கணக்கில் இன்னும் இரண்டு ஸ்பானிய ஓவியர்களைச் சேர்க்க வேண்டும்.

ஒருவர் தாரியோ தே ரெகோயோஸ். பெல்ஜியக் கவிஞர் வெர்ஹாரனோடு ஸ்பெயினைச் சுற்றிய பயணத்திலிருந்து 1899இல் 'கறுப்பு ஸ்பெயின்' என்ற புத்தகம் வந்தது. அதற்கு முன்பே, 1894இல், 'திருவிழாவின் பலிகள்' என்று பெயரிட்டு இறந்த குதிரைகளை வரைந்தார். தலைப்பே ஒரு குற்றச்சாட்டு.

இன்னொருவர் சுலோவாகா. பாஸ்க் நாட்டுக்காரர். செவில்லாவில் இருந்த காலத்தில் தானே களத்தில் இறங்கிப் பயின்றவர், அதனால் வெளியாள் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. 1910இல் 'திருவிழாவின் பலி' என்றொரு பெரிய ஓவியம் செய்தார். சண்டை முடிந்துவிட்டது. வயதான பிக்கடோர் ஒருவர் எலும்பும் தோலுமான வெள்ளைக் குதிரையில் தலை கவிழ்ந்து வருகிறார். குதிரையின் உடம்பில் இரத்தம். பலி யார், குதிரையா, அந்த மனிதரா? இரண்டு பேரும்தான் என்று எனக்குப் படுகிறது. அந்த மனிதருக்கும் கிடைத்தது கூலி மட்டும்தான், கைதட்டல் முழுவதும் மட்டடோருக்குப் போயிருக்கும். செர்வாண்டஸ் நாவலின் டான் குயிக்சாட்டும் அவன் நோஞ்சான் குதிரையும் நினைவுக்கு வராமல் இந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

இந்த ஓவியம் நியூயார்க்கில் ஹிஸ்பானிக் சொசைட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே நிறுவனத்துக்காகத்தான் ஸ்பானிய ஓவியர் சொரோயா 'ஸ்பெயினின் காட்சி' என்ற 14 பெரிய ஓவியங்களை வரைந்தார். 1915இல் வரைந்த அதன் செவில்லாப் பகுதியில், வெயிலில் ஜரிகை மின்ன வீரர்கள் களத்துக்குள் நடந்து வருகிறார்கள். கூட்டம், கொடி, விசிறி, எல்லாம் உண்டு, இரத்தம் மட்டும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு ஸ்பெயின்! சொரோயாவின் ஒளி எனக்கு உயிர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் சுலோவாகாதான் உண்மை பேசினார் என்பேன்.

நிழற்கூத்து:
மன்னிக்கவும், எல்லோரும் அக்வாடின்ட், ஒளி, நிழல் என்று பேசிக்கொண்டே போகிறீர்கள். ஒரு விலங்கைக் கூட்டம் பார்க்கக் குத்திக் கொல்கிறார்கள். இன்றும் நடக்கிறது. அதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எடுத்தவுடன் கையில் பிடிக்கும் கேடயமே கோயாவும் பிக்காசோவும்தான். "இது எங்கள் கலை, எங்கள் பண்பாடு" என்கிறார்கள். ஸ்பெயினில் 2013இல் ஒரு சட்டமே இதைப் பண்பாட்டு மரபு என்று அறிவித்தது. 2010இல் கட்டலோனியா சட்டமன்றம் தடை போட்டது, 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஓவியங்களை ரசிக்கும் நாமும் அந்தக் கேடயத்துக்கு மெருகு போடுகிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது.

அமிலக்கோடு:
உறுத்த வேண்டிய விஷயம்தான் நிழற்கூத்து. ஆனால் படத்தைக் கையிலெடுப்பவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. கோயாவை மேடையில் நிறுத்துகிறவர்கள் 21ஆவது படத்தைப் பேனரில் அச்சடிக்க மாட்டார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே இந்த விவாதம் நடந்தது. அவர் ஓவியம் வரைந்து கொடுத்த நண்பர் ஹொவெயானோஸ் காளைச் சண்டையைக் கடுமையாக எதிர்த்தவர். 1805இல் மன்னர் நான்காம் கார்லோஸ் ஆட்சியில் நாடு முழுவதும் தடை வந்தது. பிறகு பிரெஞ்சுப் படையெடுப்பு. நெப்போலியன் ஸ்பெயினுக்கு அரசராக்கிய அவருடைய அண்ணன் ஜோசப் மக்களைத் தன் பக்கம் இழுக்கச் சண்டைகளை மறுபடி அனுமதித்தார். போர் முடிந்து திரும்பிய மன்னர் ஏழாம் பெர்னாண்டோ 1830இல் செவில்லாவில் காளைச் சண்டைப் பள்ளியே தொடங்கி, மேலே சொன்ன பெத்ரோ ரொமேரோவை அதன் தலைவராக்கினார்.

நடுவில், போரின் பிணங்களை எல்லாம் வரைந்து முடித்த கையோடுதான் கோயா இந்த 33 படங்களைச் செய்தார். போர்க் கொடுமைகளைப் பற்றிய தகடுகளை அவரால் உயிரோடு இருந்தவரை வெளியிட முடியவில்லை, 1863இல்தான் வெளிவந்தன. காளைச் சண்டைத் தகடுகளை வெளியிட முடிந்தது. ஒன்றில் சொல்ல முடியாததை இன்னொன்றில் சொன்னாரோ என்று ஆய்வாளர்கள் சிலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஒரே கை, ஒரே வகைத் தகடு, இரண்டிலும் தரையில் கிடக்கும் உடல்கள்.

மணல்வட்டம்:
> பேனரில் அச்சடிக்க மாட்டார்கள்

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே தொகுப்பில் சரகோசா களத்தில் மார்த்தின்சோ என்ற வீரர், கால்களில் விலங்கோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி பாய்ந்து வரும் காளையை எதிர்கொள்கிறார். பஹுவெலேரா என்ற பெண் குதிரை மேல் ஏறிக் காளையோடு மோதுகிறாள், கோயாவின் தலைப்பே அவள் துணிச்சலைப் புகழ்கிறது. இதெல்லாம் கண்டனமா? எனக்கு வியப்பாகத்தான் தெரிகிறது. ஒரு மனிதனுக்குள் வியப்பும் அருவருப்பும் சேர்ந்தே இருக்கலாமே, ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள்?

ஓவியப்பொடி:
பிக்காசோவுக்கு வருவோமா?

எட்டு வயதுப் பையனாக ஸ்பெயினின் மலகாவில் இருந்தபோது, சிறிய மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தில் ஒரு படம் வரைந்தார். 'மஞ்சள் பிக்கடோர்'. நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய மிகப் பழைய ஓவியங்களில் அது ஒன்று. 1899இல் செப்புத்தகட்டில் முதன்முதலாகக் கை வைத்தபோது வரைந்ததும் பிக்கடோர்தான். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால் ஈட்டி இடது கைக்குப் போய்விட்டது, அதனால் 'இடக்கையன்' என்றே பெயர் வந்தது. ஓவியத்திலும் அச்சிலும் தொடக்கமே குதிரைக்காரன்! 1917இல் பார்சிலோனாவில் குத்துப்பட்ட குதிரை ஒன்றைத் தனியாக வரைந்தார். வண்ணம் இல்லாத வெற்றுத் துணியில் கரிக்கோலால். கால் மடங்கி, கழுத்து மட்டும் மேலே நீள்கிறது. 20 ஆண்டு கழித்து அதே கழுத்தை உலகமே பார்த்தது.

1937 ஏப்ரல் 26, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் கெர்னிகா ஊரின் மேல் பாசிசப் படைகளின் குண்டு விழுந்தது. அதைப் பற்றிப் பிக்காசோ வரைந்த 'கெர்னிகா' ஓவியம் ஏழே முக்கால் மீட்டர் அகலம், நடுவில் இருப்பது ஈட்டி பாய்ந்த குதிரை. இடது ஓரத்தில் காளை அசையாமல் நிற்கிறது. விமானம் இல்லை, வெடிகுண்டு இல்லை. வானத்திலிருந்து வந்த புதிய கொடுமையைச் சொல்ல, மலகாவில் சிறுவனாகப் பார்த்த களத்தைத்தான் அவர் தேடிப்போனார். ஸ்பானிய ஓவியத்தில் இந்த விஷயம் வெறும் நாட்டுப்புற அலங்காரம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேப்பங்காற்று:
அப்படியானால் காளைதான் பாசிசம், இல்லையா?

ஓவியப்பொடி:
பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள் தம்பி. 1945இல் ஓர் அமெரிக்கப் படைவீரர் அவரைக் கண்டு இதையே கேட்டார். காளை பாசிசம் அல்ல, ஆனால் அது மூர்க்கமும் இருளும்; குதிரை மக்களைக் குறிக்கிறது என்று சொன்னார் பிக்காசோ. வேறு சமயத்தில், காளை காளைதான், குதிரை குதிரைதான் என்றும் சொல்லியிருக்கிறார். நான் முதல் பதிலின் பக்கம். இந்த இழையில் பேசிவந்த குதிரைகளை எல்லாம் பார்த்த பிறகு, அது மக்கள் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. கண்ணைக் கட்டிக் களத்துக்குள் விடப்பட்டவர்கள்.

மணல்வட்டம்:
இருபது ஆண்டு கழித்து அதே பிக்காசோ 1957இல் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். மட்டடோர் பெப்பே இய்யோ 1796இல் எழுதிய காளைச் சண்டைக் கையேட்டுக்கு 26 அக்வாடின்ட் படங்கள் செய்தார். சர்க்கரைக் கரைசலைத் தூரிகையில் தொட்டுத் தகட்டில் நேரே தீட்டும் முறை. மனிதர், காளை, கூட்டம், எல்லாம் சின்னச் சின்னக் கறுப்புத் தீற்றல்கள். களம் முழுக்க வெயில். அவற்றில் வலி எங்கே? தன் நாட்டுக்குத் திரும்ப முடியாத ஒருவர், பிரான்சின் ஆர்ல், நீம் ஊர்களில் சண்டை பார்த்து, மட்டடோர் தொமிங்கினோடு நட்பு வைத்து, இழந்த ஊரை இந்தப் படங்களில் மீட்டுக்கொள்கிறார். அந்த ஏக்கத்தைக் கண்டனத்துக்குள் எப்படி அடக்குவீர்கள்?

தினையும்தேனும்:
இதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. அந்த 26 படங்கள் அழகானவை, நானும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் 1957இல் குதிரைக்குக் கவசம் வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகிவிட்டது. பிக்காசோ சிறுவனாகப் பார்த்த களமும் முதியவராகப் பார்த்த களமும் ஒன்றல்ல. வயிறு கிழிந்த குதிரை கண்ணிலிருந்து மறைந்த பிறகு, சண்டையை நடனமாக வரைவது எளிதாகிவிட்டது. ரோண்டா களத்தில் 1954 முதல் கோயா காலத்து உடை அணிந்து ஆண்டுதோறும் ஒரு சண்டை நடத்துகிறார்கள். கோயாவின் உடைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர் காட்டிய பிணங்களை விட்டுவிட்டார்கள்.

நிழற்கூத்து:
இந்தக் கோணம் எனக்குப் புதிது. ஓவியர்கள் குதிரையின் வலியைப் பார்த்ததற்கும் 1928 கவசத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

தினையும்தேனும்:
ஓவியம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். கவசம் வந்தது பிரிமோ தே ரிவேராவின் சர்வாதிகார ஆட்சியில். குதிரை சாவதைப் பார்க்க வெளிநாட்டுப் பயணிகளுக்கு அருவருப்பு, நாட்டுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. காளைக்கு அந்தக் கரிசனம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செப்புத்தகடு:
மணல்வட்டத்தின் கேள்விக்கு என் பதில். வியப்பும் அருவருப்பும் சேர்ந்தே இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொகுப்பை எதில் முடிப்பது என்பது ஓவியர் எடுக்கும் முடிவு.

கையேடு எழுதிய பெப்பே இய்யோ மட்ரிட் களத்தில் இறந்தது 1801 மே 11. மேயர் இறந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. தேதிப்படி அடுக்கியிருந்தால் மேயர்தான் பின்னால் வரவேண்டும். கோயா அவரை 21ஆம் இடத்தில் வைத்துவிட்டுக் கடைசி மூன்று இடங்களை இப்படி நிரப்புகிறார். 31ஆவது படத்தில், பாய மறுக்கும் காளையின் முதுகில் வெடி கட்டிய குச்சிகளைச் செருகுகிறார்கள். 32ஆவதில் ஒரே காளை பிக்கடோர் கூட்டம் இரண்டைக் குதிரைகளோடு உருட்டித் தள்ளுகிறது. 33ஆவதில் பெப்பே இய்யோ மணலில் மல்லாந்து கிடக்க, காளை அவர் மேல். அந்தச் சாவை வரைந்து வரைந்து அவருக்குத் தீரவில்லை. தொகுப்பில் சேர்க்காத வேறு இரண்டு தகடுகளிலும் அதே சாவைச் செய்து பார்த்திருக்கிறார். பெத்ரோ ரொமேரோ அசையாது நிற்கும் காளையை வாளால் கொல்லும் 30ஆவது படம் தொகுப்பின் முடிவாக இருந்திருந்தால் உங்கள் பக்கம் நான் வந்திருப்பேன்.

மணல்வட்டம்:
இந்த வரிசையை நான் இப்படிப் பார்த்ததில்லை. ஆனாலும் போர்தோவின் நான்கு கல்லச்சுகளை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. அவற்றில் ஒன்றில் கூட்டமே களத்துக்குள் இறங்கி இளங்காளைகளோடு ஓடி விளையாடுகிறது, 'ஸ்பெயினின் பொழுதுபோக்கு' என்பது தலைப்பு. அடுத்து அதைத்தான் எடுத்துப் பேச வேண்டும்.

வேப்பங்காற்று:
இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

அமிலக்கோடு:
பிராதோ அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தொடங்கு தம்பி. தௌரோமாகியாவுக்காகக் கோயா சிவப்புச் சாக்கட்டியால் வரைந்த முன்வரைவுகளும் அங்கே இருக்கின்றன. முன்வரைவை ஒரு பக்கம், அச்சை மறுபக்கம் திறந்து வைத்து, வரைவில் இருந்து அச்சில் எதை நீக்கினார் என்று பார். முக்கியமாக 20, 21, 26, 32. பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று இங்கே எழுது, மணல்வட்டத்தின் கல்லச்சுகளுக்கு அதன் பிறகு வருவோம்.